தலைக்குப் பின்னால் ஒரு வார்

வாங்கி வந்த மூன்றாவது நாளே அந்த மெஷினைப் பையோடு தூக்கி பீரோவுக்கு மேல் வைத்துவிட்டேன். இரவெல்லாம் மூக்குக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி. அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் ரப்பர் மாஸ்க், அது நழுவாமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒரு வார். இதை மாட்டிக்கொண்டு மனுஷி தூங்குவாளா? என் குறட்டைக்குப் பயந்து என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்ரூமுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. மெஷினும் மாஸ்க்குமாக என்னைப் பார்த்ததும், "இன்னாடி இது, ஐசியூ மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நடுக்கதவையும் சாத்திக்கொண்டார்.

எனக்கு வந்திருப்பது ஸ்லீப் ஆப்னியா என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறது. நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூளை உலுக்கி எழுப்பிவிடுகிறது. எழுப்பியது நமக்குத் தெரியாது. விடிந்து எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான் தெரியும். இப்படியே விட்டால் இதயம் ஒருநாள் கைவிட்டுவிடும் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைன் என்னுடையது. எனக்கு வாய் ஜாஸ்தி என்று அங்கே பேர். கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவள் பட்டப்பகலில், புதிதாக வந்த பெண்ணுக்கு வளைவுத் தையல் சொல்லிக்கொடுக்கும்போதே தூங்கிப்போனேன். கால் பெடலில், விரல் ஊசிக்குக் கீழே. ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. நான் போட்ட கத்தலில் மொத்த லைனும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, டெஸ்ட், மெஷின் எல்லாம்.

ஆஸ்பத்திரியில் தூக்கப் பிரிவில் இருந்த நர்ஸ் நான் கிளம்பும்போது சொன்னது: "மெஷின் போட்டுப் பழகின ஒருத்தங்க உங்களுக்கு போன் பண்ணுவாங்கம்மா. நாங்க சொல்றதவிட அவங்க சொன்னா மனசுல ஏறும்." யாரோ ஒருத்தி போனில் எனக்குப் புத்தி சொல்லப்போகிறாளாம். வரட்டும், கொடுக்கிற கொடுப்பில் மறுபடி போனையே தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. வணக்கம் இல்லை, நீங்கள் யார் என்ற கேள்வி இல்லை.

"இன்னாம்மா, பீரோ மேலயா, கட்டிலுக்குக் கீழயா?"

"எது?"

"மெஷினுதான். வாங்கினதும் எல்லாரும் அங்கதான் வெப்பாங்க. நானு அரிசி டிரம்முக்குள்ள வெச்சேன். எங்க வீட்டுல அரிசி எடுக்கப் போனவரு பாம்புன்னு அலறிட்டாரு."

சிரித்துவிட்டேன். வைத்திருந்த வசவெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மேல்விஷாரத்திலிருந்து பேசுகிறேன் என்றார். அறுபதைத் தாண்டியவர். எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். "ஆபான்னு கூப்புடு. அக்கான்னு அர்த்தம். ஊரே அப்படித்தான் கூப்புடுது" என்றார்.

வெள்ளிக்கிழமைதான் ஆபா பேசுவார். வீட்டு ஆண்களெல்லாம் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருக்கும் நேரம். வீடு அமைதியாக இருக்கும், தோல் வியாபாரத்துப் பேச்சு இருக்காது, அவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசலாம். எனக்கும் அது டிபன் டப்பாவைத் திறக்கும் நேரம். புளிசாதத்தை மென்றுகொண்டே திட்டு வாங்குவேன்.

அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எந்த டாக்டரும் சொல்லாதவை. படுக்கப் போகும்போது முதல்முதலாக மாட்டாதே, சாயங்காலம் சீரியல் பார்க்கும்போதே மாட்டிக்கொண்டு உட்கார், மூக்கு பழகும் என்றார். முகத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டு மாட்டாதே, ரப்பர் வழுக்கும் என்றார். மூக்குத்தண்டு புண்ணானபோது, வாரை இறுக்கியது என் கோபம்தான் என்று கண்டுபிடித்தார். "அது மேல இன்னா கோவம் உனக்கு? கழுத்த நெரிக்கிற மாதிரி இழுத்துக் கட்றியா? ரெண்டு விரலு உள்ள போவணும். நீ ஷூ தைக்கிறவதானே, உனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியும். ஆனால் அது ஷூவுக்கு. என் முகத்துக்கும் அதே கணக்குதான் என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஆரம்பத்தில் ஒரு வாரம் பொய் சொன்னேன். போட்டேன் என்றேன். "போட்டவ குரலு இப்படியா இருக்கும்? களிமண்ண வாயில அடச்சிட்டுப் பேசற மாதிரி பேசுற. போட்டியா, இல்லியா?" என்றார். இல்லை என்றேன். திட்டவில்லை. "சரி, இன்னிக்கிப் போடு. நானும் இங்க போட்டுக்கிறேன். நீ அங்க தனியா போட்றன்னு நெனக்காத" என்றார். அன்றைக்கு மெஷின் பீரோவிலிருந்து இறங்கியது. மாதம் ஆக ஆக எனக்குக் காலை என்றால் என்னவென்று தெரிந்தது. தலைவலி இல்லாத காலை. பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்துப் பெண்ணின் தோளில் சாயாத காலை. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மிகையில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை நேரில் பார்த்தோம். ஒல்லியான, உயரமான மனுஷர் ஒருவர் ஆபாவின் மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் நின்றார். தோல் மண்டி வைத்திருந்த அவருடைய கணவர். "இவங்க ராத்திரி பைலட்டுங்க. பிளேன் ஓட்டப் போறாங்க" என்று என்னிடம் சொன்னார். ஆபா முந்தானையால் அவர் கையில் ஒரு அடி போட்டார். ஆபாவுக்கு ஏற்கெனவே இதயத்தில் அடைப்பு எடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மெஷினை ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் இன்னொரு அட்டாக்கைத் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார். "இவரு விடுவாரா?" என்று ஆபா கணவரைக் காட்டினார்.

அந்த மனுஷர் போய்விட்டார். மண்டிக்குப் போனவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடக்கூட நேரம் கொடுக்கவில்லையாம். ஆபாவின் மருமகள்தான் எனக்கு போன் பண்ணிச் சொன்னாள். கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி, அன்றைக்கே ஓட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆபா வெளிறிய சேலையில், வளையல் இல்லாத கையோடு உள்ரூமில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை. எனக்கும் பேச வரவில்லை. எனக்கே!

கணவர் இறந்தால் அவர்களில் மனைவி இத்தா இருப்பார். நாலு மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வராமல், அலங்காரம் இல்லாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல். ஆபா இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். சில வாரங்கள் போன் வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

"போட்டியா?" என்றார்.

"போட்டேன் ஆபா. நீங்க?"

"உம்."

அந்த உம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் பேசும்போது, சொன்னதையே திரும்பச் சொன்னார். அதற்கடுத்த வாரம் பேச்சின் நடுவில் குரல் நின்றுபோனது. ஆபா, ஆபா என்கிறேன், பதில் இல்லை. பிறகு கேட்டது அந்தச் சத்தம். மூச்சு இழுத்து, அடைத்து, ஒன்றுமே இல்லாமல் போய், கடைசியில் தண்ணீரில் மூழ்கியவர் தலையைத் தூக்கின மாதிரி ஒரு இழுப்பு. பட்டப்பகலில், போனைக் காதில் வைத்தபடியே ஆபா தூங்குகிறார். என் குறட்டையை என் வீட்டுக்காரர் போனில் பிடித்துக் காட்டியிருக்கிறார், அதே சத்தம். மெஷினை விட்டுவிட்டார்.

மறுநாளே கூப்பிட்டுக் கேட்டேன். "இல்லம்மா, இப்ப போடறதில்ல" என்றார். ஏன் என்றதற்கு, "இப்ப எப்படி" என்றார். அவ்வளவுதான்.

இப்ப எப்படி. நான் அதை இத்தாவோடு சேர்த்துப் புரிந்துகொண்டேன். அவர்கள் வழக்கத்தில் அந்த மாதங்களில் இதெல்லாம் கூடாது போலிருக்கிறது, நாம் யார் அதில் மூக்கை நுழைக்க? வேறு விஷயமாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மார்க்க விஷயம், வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாராவாரம் அந்த அடைத்த குரலைக் கேட்டேன். இத்தா எப்போது முடியும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் லைனில் தைக்கும் முஸ்லிம் பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு மேடம் சொன்னது உங்களுக்கு? எங்க சின்னம்மா இத்தாலதான் இன்சுலின் போட்டுக்கிச்சு. முடியலன்னா ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போவலாம். உசுரு போற விஷயத்துக்கு யாரு தடுப்பாங்க?"

"அப்ப ஏன் போடமாட்டேங்கறாங்க?"

"அத அவங்களத்தான் கேக்கணும். எங்களப் பத்தின்னா மட்டும் ஏன் மேடம் வாய மூடிக்கிறீங்க? எங்கள தெனம் திட்றீங்க இல்ல, அது மாதிரி கேக்க வேண்டியதுதானே?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மரியாதை, மரியாதை என்று பேசாமல் இருந்தேனே, அது மரியாதையா? அந்த மனுஷி தினம் தினம் மூச்சு முட்டிக்கொண்டு கிடக்கிறாள், நான் இங்கே மரியாதை பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடனே போனைப் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். "எனக்கு மட்டும் சொன்னீங்களே? உங்களுக்குன்னா வாய் இல்லியா? சாவறதுக்கு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன். ஆபா போனை வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மருமகள் கூப்பிட்டாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. மத்தியானத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துக் குனிந்த ஆபா எழுந்திருக்கவே இல்லையாம். நேரமாகிறதே என்று இவள் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அசைவில்லை. "போய்ட்டாங்கன்னு நெனச்சிட்டேன் ஆன்ட்டி. தொட்டேன், அப்புறந்தான் கொர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு. உதடெல்லாம் நீலமா இருந்துச்சு. டாக்டரு வந்து பாத்துட்டு, மெஷின் போடலன்னா அடுத்த வாட்டி எழுப்ப முடியாதுன்னு சொல்லிட்டாரு. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க வாங்க ஆன்ட்டி."

ஞாயிற்றுக்கிழமை காலை வேலூர் பஸ் ஏறினேன். மடியில் என் மெஷின் பை. போனில் பேசி ஆகாது என்று தெரிந்துவிட்டது. எதற்காக அதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. வேலூரில் பஸ் மாறி மேல்விஷாரத்தில் இறங்கினேன்.

வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஆபாவின் நாத்தனார்கள், தங்கை, அக்கம்பக்கம். ஆபாவைத் தனியாக விடக்கூடாது என்று முறைபோட்டு வந்து தங்குகிறார்கள். எல்லோருக்கும் ஹாலிலேயே வரிசையாகப் பாய். ஆபா பாதியாக இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, திட்றதுக்கு" என்றார்.

"சாப்பிட்டுட்டுத் திட்றேன்" என்றேன். சோறும் தால்ச்சாவும் போட்டார்கள். மெஷின் எங்கே என்று மெதுவாக மருமகளைக் கேட்டேன். அவள் பரணைக் காட்டினாள். பெட்ஷீட் போட்டு மூடி, கயிறு கட்டி வைத்திருந்தது. பெரிய நாத்தனார் ஏற்றி வைத்தாராம். அவர் அதை ஆக்ஸிஜன் மெஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கொரோனாவில் அவர் வீட்டில் இரண்டு பேருக்கு அப்படி ஒன்றை மாட்டி, இருவரும் திரும்பவில்லை. துக்க வீட்டில் இன்னொரு துக்கம் எதற்கு என்று கண்ணுக்கு மறைவாக வைத்திருக்கிறார். அந்த அம்மாவை என்னவென்று கோபித்துக்கொள்வது?

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பாயில் சாய்ந்தார்கள். எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். இத்தனை பேர் நடுவில் மூஞ்சியில் இதை மாட்டிக்கொள்ள ஆபாவுக்கு வெட்கம். என் வீட்டுக்காரர் ஒருத்தர் கண்ணுக்கே எனக்கு அப்படி இருந்ததே. நான் பையைத் திறந்தேன். பிளக்கைச் சொருகினேன். ஹாலின் நடுவில் உட்கார்ந்து, அத்தனை கண்ணும் பார்க்க மாஸ்க்கை மாட்டினேன்.

"யா அல்லாஹ்! இது இன்னா வேஷம்?" என்று ஒரு நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருத்தர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கட்டும். மாஸ்க்குக்குள்ளிருந்தே கத்தினேன்: "இது ஆக்ஸிஜன் இல்ல. சும்மா காத்து. தொண்ட மூடாம இருக்கறதுக்குக் காத்து. இது இல்லன்னா நான் செத்திருப்பேன். சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லுங்க, தூங்கறேன்." படுத்தேன். சும்மா காட்டுவதற்காகத்தான் படுத்தது. ஆனால் விடியற்காலை எழுந்த அலுப்பு, வயிற்றில் தால்ச்சா. நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது ஹாலில் வேறு யாரும் இல்லை. ஆபா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே வரல உனக்கு. கொழந்த மாதிரி தூங்குற. எங்க பெரிய நாத்தனாரு குனிஞ்சு குனிஞ்சு உன் மூச்சப் பாத்துட்டுப் போறாங்க" என்றார்.

எழுந்து உட்கார்ந்தேன். "இப்பவாச்சும் சொல்லுங்க. வெக்கமா?"

"வெக்கமா? இந்த வயசுலயா?"

"அப்புறம் இன்னா? எனக்குன்னா அவ்ளோ பேசினீங்களே."

ஆபா வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோள் உயரம்கூட வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டது. இடது கையைத் தூக்கினார். அது நெற்றிவரை வந்தது, அதற்கு மேல் இல்லை.

"சக்கரைல தோளு ரெண்டும் பிடிச்சுக்கிச்சு. தலைக்குப் பின்னால கை போவாது. மெஷினு போட ஆரம்பிச்ச மொத நாள்லருந்து அவருதான் மாட்டி விடுவாரு."

இத்தனை மாதம் எனக்கு வாரை இப்படிப் போடு, அப்படிப் போடு என்று சொல்லிக்கொடுத்த மனுஷி ஒருநாளும் தன் கையால் அதை மாட்டியதில்லை. ரெண்டு விரல் உள்ளே போகணும் என்றாரே, அது அந்த மனுஷரின் விரல்.

"மருமகளாண்ட சொல்லக்கூடாதா ஆபா? நாத்தனாருங்க இல்ல? இத்தன பேரு இருக்காங்களே!"

"சொல்லலாம். மாட்டியும் விடுவாங்க." கொஞ்சநேரம் குழாயைத் தடவிக்கொண்டிருந்தார். "அவரு மாட்டும்போது ஒரு வார்த்த சொல்லுவாரு. தெனமும். அதே வார்த்த. அது இல்லாம வேற ஒரு கை வந்து பின்னால மாட்டினா... என்னால முடியாதும்மா. ஒரு நாளு மருமவ வந்தா. தள்ளிட்டேன். அதுலருந்து அது பயந்துபோய்க் கெடக்குது."

என்ன வார்த்தை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதை விரட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி வேலை. வேறு கைதானே வேண்டாம்? சரி, கையே வேண்டாம். பரணிலிருந்து அவருடைய மாஸ்க்கை இறக்கச் சொன்னேன். வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொப்பி மாதிரி தலைக்கு மேலாக இழுத்து மாட்டும் வார் அது. ஏன் பின்னால் மூடியிருக்க வேண்டும்? ஒரு பக்கம் வெட்டி, நுனியை நீட்டி, கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து ஒட்டுகிற மாதிரி வெல்குரோ வைத்தால் போதும். பசங்க ஷூவில் வைக்கிறோமே, அதேதான். வாரைத் தலையணைமேல் விரித்துப் போட்டு, அதன்மேல் தலையை வைத்துப் படுத்து, நுனியை இடது கையால் முன்னால் இழுத்து ஒட்டிக்கொள்ளலாம். தோளைத் தூக்கவே வேண்டாம்.

"இவ்ளோதானா ஆபா! இதுக்கா இத்தன மாசம்?" என்றேன். என் முந்தானையைச் சுற்றித் தலைச்சுற்றளவு எடுத்தேன். ஆபா தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூக்கப் பிரிவு நர்சிடம் போனில் கேட்டேன். காற்று கசியாமல் இருந்தால் சரி, வார் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும் என்றார். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். கன்னத்தில் உரசும் இடத்தில் மெத்தென்று ஆட்டுத்தோல் லைனிங் வைத்தேன். முதல் வார் கோணலாக வந்தது, பிரித்துவிட்டேன். இரண்டாவதைப் பார்த்துவிட்டு அந்த முஸ்லிம் பெண் சொன்னாள்: "எக்ஸ்போர்ட் குவாலிட்டி மேடம்." உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உள்ரூமில் ஆபாவின் தலையணைமேல் வாரை விரித்துப் போட்டேன். படுங்க என்றேன். படுத்தார். நுனியை எடுங்க என்றேன், இடது கையால் எடுத்தார். இழுத்து ஒட்டுங்க என்றேன். வெல்குரோ கரக் என்று ஒட்டிக்கொண்டது. நான் மெஷினைப் போட்டேன். கசிவே இல்லை. இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது. வாசலில் நின்ற மருமகள் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். நான் கையைத் தட்டிவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. "பாத்தீங்களா ஆபா! பாத்தீங்களா! இனிமே யாரும் வேணாம் உங்களுக்கு!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன. நிதானமாக நுனியைப் பிரித்தார்.

"ஆமாம்மா," என்றார். "இனிமே யாரும் வேணாம்."

ஐயோ, என் வாயில் மண் விழ. என்ன சொல்லித் திருப்பி எடுப்பது? அவர் எழுந்து உட்கார்ந்து அந்தத் தையலைப் பெருவிரலால் வருடிக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் தச்சிருக்க. அதான் பேஜாரு. நல்லா இல்லன்னா, சரியா வரலன்னு சொல்லி வெச்சிருப்பேன்."

"ஆபா..."

"போட்டுக்கிறேன். நீ இவ்ளோ தூரம் ரெண்டு வாட்டி பஸ் ஏறி வந்திருக்க. போட்டுக்கிறேன் போ."

திரும்பி வரும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை அழுதேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் என் பையை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். திங்களன்று மருமகள், போட்டுக்கொண்டார் என்று சொன்னாள். செவ்வாயன்றும் போட்டுக்கொண்டார். நடுவில் கழற்றிவிடுகிறார், அப்புறம் மறுபடி போட்டுக்கொள்கிறார் என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது.

"போட்டியா?" என்றார் ஆபா.

"போட்டேன். நீங்க?"

"போட்டேன். ஆனா காத்து லீக் ஆவுதும்மா. கன்னத்தோரம் புஸ்ஸுபுஸ்ஸுன்னு. நைட்டுல ரெண்டு மூணு வாட்டி நழுவிடுது."

என் தையலிலா குறை? "வாரு லூசா இருக்குதா ஆபா?"

"இல்ல. சரியாத்தான் இருக்குது."

"மூஞ்சிக்கு எண்ண கிண்ண தடவுனீங்களா? நீங்கதானே சொன்னீங்க, ரப்பர் வழுக்கும்னு."

"எண்ண இல்லம்மா." அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன். தூங்கவில்லை. "ஈரம். படுத்து அத ஒட்டினதும் வந்துடுது. நிக்க மாட்டேங்குது."

என் லைன் பெண்கள் பக்கத்து டேபிளில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது.

"தொடச்சிட்டு மாட்டுங்க ஆபா," என்றேன்.

"தொடச்சா திரும்ப வருது."

"திரும்பத் தொடைங்க. தலையாணிக்குப் பக்கத்துல ஒரு துணி வெச்சிக்குங்க. தொடச்சிட்டு மாட்டுங்க."

"சரிம்மா," என்றார்.